ஹத்து என்றால் ஏறு

எனக்குக் கன்னடம் கற்றுக்கொடுத்தவர்கள் பஸ் கண்டக்டர்கள். ஒரு மொழியை அவர்களிடம் மட்டும் கற்றுக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு விமானத்தின் வால் சாட்சியாக இருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் நான் பெங்களூருக்கு வந்தேன். எட்டாம் வகுப்போடு படிப்பு என்னை விட்டது (நான் அதை விட்டேன் என்று அந்தக் காலத்தில் சொல்லிக்கொள்வேன்). அதற்குப் பிறகு வாணியம்பாடியில் லாரி கிளீனர், ஓசூரில் பெயிண்டர், அத்திபெலேயில் செங்கல் சூளை. ஒரு வேலையிலும் இரண்டு மழைக்காலம் பார்த்ததில்லை. அத்திபெலேயில் மஞ்சள் காமாலை வந்து படுத்தபோது, பெங்களூர் ஒக்கலிபுரத்தில் இருந்த வசந்தா அக்கா வந்து கூட்டிக்கொண்டு போனாள். ஒரு அறை, ஒரு சமையலறை. சமையலறையில் எனக்குப் பாய்.

அக்கா புருஷன் சேகர் மாமா, விமானம் உருவாக்கும் ஒரு இடத்தில் தகடு அடிக்கும் வேலையில் இருந்தார். அலுமினியத் தகட்டை மரச்சுத்தியால் தட்டித் தட்டி வளைப்பவர். அப்போது அவர்கள் ஒரு சின்ன விமானத்தைச் செய்துகொண்டிருந்தார்கள். ஆளும் போகலாம், சரக்கும் போகலாம். வால் தகடுகளை அடித்தது மாமா.

தினமும் சாப்பிடும்போது எனக்கு அந்த விமானம்தான் தொட்டுக்கொள்ள. தட்டுக்குப் பக்கத்தில் இரண்டு டம்ளரைக் கவிழ்த்து வைப்பார்.

"இது ஒரு இன்ஜின், இது ஒரு இன்ஜின். உள்ள ஜெட்டு மாதிரி எரியும் மச்சான். ஆனா அந்த வேகத்த வெளிய இருக்கற விசிறிக்குக் குடுத்துடும். பெரிய ஜெட்டு குடிக்கற எண்ணெய இது குடிக்காது."

"வேகமா போவுமா மாமா?"

"வேகம் யாருக்கு வேணும்? சின்ன ஊரு, குட்டி ரன்வே, மண்ணுத் தரை, எங்க விட்டாலும் எறங்கும். நம்ம ரயில்வே கேட்டுல இருந்து முனை டீக்கடைக்குப் போறதுக்குள்ள எழும்பிடும். காலையில சீட்டு போட்டு ஆளு ஏத்தலாம். மத்தியானம் சீட்டக் கழட்டிட்டு மூட்ட ஏத்தலாம். பின்னால அகலமா ஒரு கதவு வெச்சிருக்கோம்."

'வெச்சிருக்கோம்' என்று அவர் சொல்லும்போது, நாட்டையே அவர்தான் ஓட்டுகிறார் என்று தோன்றும்.

மூன்று மாத ஒப்பந்தத்தில் மூட்டை தூக்க ஆள் தேவை என்று அங்கே கேட்டபோது, மாமா என் பேரைச் சொல்லிவிட்டார். ஒழுங்காக இருந்தால் ஒப்பந்தத்தை நீட்டிப்பார்கள். அன்று ராத்திரி அக்கா ஒரே வார்த்தைதான் சொன்னாள்.

"டேய் மணி, இது அவரு குடுத்த வாக்கு. இதையும் உட்டுட்டு வந்தீன்னா இந்த வாசப்படி ஏறாத."

நானும் உண்மையாகவே திருந்தினேன். இரண்டு மாதம் ஒரு நாள் லீவு இல்லை. ஒரே ஒரு ஏக்கம்தான். விமானத்தைச் சுற்றிப் பெருக்கலாம், துடைக்கலாம், உள்ளே மட்டும் ஏறக்கூடாது. ஒப்பந்த ஆளுக்கு அனுமதி இல்லை. பின்கதவு வழியாகத் தலையை நீட்டி, ஆகக் கடைசியில் இருந்த வட்ட ஜன்னலைப் பார்ப்பேன். அதற்குப் பக்கத்தில்தான் மாமா அடித்த தகடு.

அந்த நாள் வந்தது. விமானத்தை எடை போடும் நாள். மூன்று சக்கரத்துக்கும் கீழே ஒவ்வொரு தராசு. பின்பக்கம் எத்தனை மணல் மூட்டை வரை வைக்கலாம் என்று பார்க்க வேண்டும். அதிகமானால் வால் இறங்கிவிடும். சாதாரணமாக வாலுக்கு முட்டுக் கொடுக்க ஒரு இரும்புத் தாங்கி நிற்கும். எடை சரியாகத் தெரிய வேண்டும் என்பதால் அன்றைக்கு அதை எடுத்துவிட்டார்கள். ஒரு முன்ஜாக்கிரதைக்கு, வாலுக்கு நேர் கீழே நாலு பழைய டயர்.

பொறுப்பாக இருந்தவர் கேசவமூர்த்தி சார். மைசூர்க்காரர். அதிர்ந்து பேசமாட்டார். நாங்கள் கீழேயிருந்து மூட்டையைக் கொடுக்க, நிரந்தர ஆட்கள் இரண்டு பேர் உள்ளே அடுக்கினார்கள். முடித்துவிட்டு இருவரும் இறங்கிவிட்டார்கள். ஏணியடியில் நான் மட்டும் இன்னொரு மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

எனக்குப் பின்னால் நின்ற ஸ்டோர்காரர் எதையோ கேட்டார். "எஷ்டாயித்து சார்?"

கேசவமூர்த்தி சார் என் பக்கம் திரும்பி, அமைதியாக, தெளிவாகச் சொன்னார்:

"ஹத்து."

இங்கே நான் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். தினமும் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர்கள் என்னைப் பார்த்துக் கத்துவது இந்த ஒரு வார்த்தையைத்தான். "ஹத்து, ஹத்து, பேகா ஹத்து." ஏறு, ஏறு, சீக்கிரம் ஏறு. கன்னடத்தில் பத்துக்கும் அதே 'ஹத்து'தான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சிவாஜிநகரில் நான் பீடியும் வாழைப்பழமும் வாங்கிய கடைகளில் எல்லாம் பத்துக்கு உருது 'தஸ்'தான்.

ஆக, எத்தனை மூட்டை ஆச்சு என்று ஸ்டோர்காரர் கேட்டார். பத்து, போதும், நிறுத்து என்று சார் சொன்னார். எனக்குக் கேட்டது: மணி, ஏறு.

இரண்டு மாத ஏக்கம். மனுஷன் என் மனசைப் படித்துவிட்டார் என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீரே வந்தது. சாரை நன்றியோடு பார்த்துவிட்டு, மூட்டையோடு மளமளவென்று ஏறி, நேராக அந்த வட்ட ஜன்னலுக்குப் போனேன்.

முதலில் ஒரு முனகல். பிறகு எனக்கு முன்னால் இருந்த தரை மெதுவாக, மிக மரியாதையாக, மேலே எழும்பியது. விமானத்தின் மூக்கு கூரையைப் பார்க்கக் கிளம்பிவிட்டது. பறக்கிறது என்றே முடிவு கட்டினேன். (இன்ஜின் ஓடவில்லையே என்று கேட்காதீர்கள். பயந்தவனுக்கு இன்ஜின் எதற்கு?)

லாரியில் ஓடிய பழக்கம் கைக்கு வந்தது. கிளீனர் ஒரு தட்டு தட்டினால் வண்டி நிற்கும். இரண்டு தட்டினால் போகும். நான் பதற்றத்தில் விமானத்தின் உடம்பில் இரண்டு தட்டு தட்டிவிட்டேன்.

"ரைட்டு போலாம்னு சிக்னல் குடுக்கறாம்பா" என்று கீழே ஒருவன் சொன்னது எனக்குக் கேட்டது.

வால் போய் டயரில் உட்கார்ந்தது. மூட்டை என் மடியில். நான் ஜன்னலோரம். கண்ணாடி வழியாகப் பார்த்தால், தகடு அடிக்கும் கொட்டகையிலிருந்து சேகர் மாமா மரச்சுத்தியோடு ஓடி வருகிறார். அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

முன்பக்கத்தில் ஆட்களைத் தொங்கவிட்டு வாலைத் தூக்கி என்னை இறக்கினார்கள். டயர் விளிம்பு பட்ட இடத்தில் ஒரு பள்ளம், ஆப்பச்சட்டி அளவுக்கு. மாமா அதைத் தடவிப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"யாரு உன்ன ஏறச் சொன்னது?" என்று கேசவமூர்த்தி சார் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

"நீங்கதான் சார், ஹத்துன்னீங்க."

 என் சட்டையிலிருந்த கேட் பாஸை அவரே மெதுவாகக் கழற்றி எடுத்துக்கொண்டார்.

அக்கா வீட்டுக்கு எந்த முகத்தோடு போவது? தர்மபுரி, சேலம், எங்கேயாவது போய்விடலாம் என்று சிவாஜிநகர் வந்தேன். ஓசூர்ப் பக்கம் போக மார்க்கெட் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பஸ்ஸும் வந்தது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஹத்தப்பா, ஹத்து."

கால் எழவில்லை. ஒரு பஸ், இரண்டு பஸ், மூன்று பஸ் விட்டேன். நாலாவது கண்டக்டர் என்னைக் கிறுக்கன் என்று திட்டிவிட்டுப் போனார். அவ்வளவு ஊர் மாறியவன், வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பஸ்ஸில் ஏற முடியாமல், ஒக்கலிபுரத்துக்கே நடந்து போனேன்.

வாசல்படிக்குக் கீழேயே நின்றேன். உள்ளே மாமா அக்காவிடம் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு தட்டு தட்டினேன் என்ற இடத்தில் அவரால் மேலே சொல்ல முடியவில்லை. சிரிப்பை அடக்கி அடக்கி அக்காவுக்கு இருமலே வந்துவிட்டது. நிமிர்ந்தவள் என்னைப் பார்த்தாள். கோபமாக இருக்கத்தான் முயற்சி செய்தாள்.

"இன்னாடா நிக்கற?"

"நீதானே ஏறாதன்ன."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாமாதான் சொன்னார்: "ஹத்து மச்சான்."

ஏறினேன். பாஸ் திரும்பி வரவில்லை. மாமா விளக்கக் கடிதம் எழுதினார், அந்தப் பள்ளத்தை எடுக்க இரண்டு வாரம் தட்டினார். நான் சிட்டி மார்க்கெட்டில் தார்ப்பாய் தைக்கப் போனேன். அந்த வேலையில் பதினோரு மழைக்காலம் ஆனது, எனக்கே ஆச்சரியமாக.

சில வருஷம் கழித்து அந்த விமானம் முதல் முறையாகப் பறந்தபோது, மாமாவும் நானும் சுற்றுச்சுவருக்கு வெளியே ரோட்டோரம் நின்று பார்த்தோம். அவர் சொன்னதுபோலவே, கொஞ்ச தூரம் ஓடிச் சட்டென்று எழும்பியது. விசிறிகள் வெயிலில் இரண்டு வட்டமாகத் தெரிந்தன. மாமா வாலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தத் தகடு நான் ரெண்டு வாட்டி அடிச்சது" என்றார். பிறகு என் தோளில் கைபோட்டு, "பாத்தியா, உன்ன ஏத்தாமயே போவுது" என்றார்.

மாமா இப்போது இல்லை. அவர் பேரப்பிள்ளைகள் மாடியில் கண்ணாமூச்சி ஆடும்போது எண்ணுவதைக் கேட்பேன். ஏன் அப்படி எண்ணுகிறோம் என்று அதுகளுக்கே தெரியாது. சுவரில் முகம் புதைத்துக்கொண்டு, சத்தமாக, வரிசை தப்பாமல்:

"ஏழு, எட்டு, ஒம்பது, மணித்தாத்தா ஏறு, பதினொண்ணு."