செருப்புப் பசையும் சுதந்திர தினக் கதவும்

அன்புள்ள தம்பிக்கு,

உன் அக்கா எழுதுவது. உனக்கும் உன் வீட்டுக்காரிக்கும் சளி இருமல் ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். நான் இருக்கிறேன். உன் மாமா என்னை விட்டுப் போய்ச் சேர்ந்து நாலு மாதம் ஆகிவிட்டது. "தனியா கெடந்து என்ன பண்ணப் போற, என்கூட வந்துடு" என்று போனில் கேட்டாயே, வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வா. இந்தக் குடியிருப்பில் யாரும் என்னிடம் பேசுவதில்லை. கெட்டவர்கள் இல்லை. என்ன பேசுவதென்று தெரியாமல் என் வாசலை மட்டும் சத்தமில்லாமல் தாண்டிப் போகிறார்கள்.

நேற்று நடந்ததற்குப் பிறகு தலைகாட்டவும் முடியாது. சுதந்திர தினத்துக்கு எல்லாரும் கதவை அலங்கரிக்கச் சொல்லி நோட்டீஸ். வருஷா வருஷம் மாமாதான் செய்வார். நம் கதவு மட்டும் மொட்டையாக நிற்க வேண்டாமென்று அட்டையை வளையமாக வெட்டி, கொடி நிறத்தில் கம்பளி நூல் சுற்றி, காகித நட்சத்திரம் வைத்தேன். பள்ளிக்கூடப் பசையில் நிற்கவில்லை. மாமா கடையில் செருப்புக்கு அடி ஒட்டுகிற பசை டப்பா இருந்தது. தாராளமாகத் தடவி, வாசலில் நின்று, சாத்திய இரட்டைக் கதவின் நட்டநடுவில் வைத்து, அவர் செய்கிற மாதிரி நூறு எண்ணும்வரை அழுத்தினேன். இரண்டு கதவையும் சேர்த்து ஒட்டிவிட்டேன் என்பது நூறு எண்ணிய பிறகுதான் உறைத்தது. சாவி போட்டால் பூட்டு திறக்கிறது, கதவு திறக்கவில்லை.

எதிர்வீட்டு டெய்லரம்மா கத்தரியோடு வந்தாள். மாடியிலிருக்கும் ரிட்டயர்டு போலீஸ்காரர் குறுக்கே நின்றார். "கொடி நிறத்துல கத்தரி வெக்கிறதா? நான் இருக்கறவரைக்கும் நடக்காது."

"அப்ப அக்கா உங்க வீட்ல இருக்கட்டும், நீங்க வராந்தாவுல படுங்க" என்றாள் டெய்லரம்மா.

"வெட்டினாலும் விடாதும்மா இந்தப் பசை. அவர் ஒட்டின என் பூட்ஸு பதினோரு வருஷமா பிரியல."

அவ்வளவுதான், சத்தம் கேட்டுக் கூடியவர்களெல்லாம் ஆளாளுக்குக் காலைத் தூக்கி மாமா ஒட்டிய செருப்பைக் காட்ட ஆரம்பித்தார்கள். நாலு மாதமாக யாரும் எடுக்காத பேச்சு. எனக்குச் சிரிப்பு வந்து, கூடவே அழுகையும் வந்து, டெய்லரம்மா பிடித்து உட்காரவைத்தாள். கடைசியில் கீழ்வீட்டுத் தச்சர் கீலைக் கழற்றி, இரண்டு கதவையும் ஒரே பலகையாகத் தூக்கிச் சுவரில் சாய்த்துவிட்டார். இப்போது வீட்டுக்குக் கதவே இல்லை. மானம் போய்விட்டது. கட்டாயம் வா.

பிள்ளைகள் நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி வளரட்டும்.

இப்படிக்கு,
அக்கா

பின்குறிப்பு: கதவு இல்லாததால் யாரும் தட்ட வேண்டியதில்லை. இதை எழுதி முடிப்பதற்குள் ஆறு பேர் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். துணைக்குப் படுக்கிறேன் என்று டெய்லரம்மா தலையணையைக் கொண்டுவந்து போட்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமை வராதே. தச்சர் வெள்ளிக்கிழமை கதவை மாட்டித் தருகிறேன் என்றார். அவசரமில்லை என்று சொல்லிவிட்டேன்.