டிக்கிக்குள் வைத்த கணவாய்க் கறி

கெட்டித்தனம் என்பது பழகிய ஊரில் மட்டும்தான் கெட்டித்தனம். ஊர் மாறினால் அதே கெட்டித்தனம் ஆளை முட்டாளாக்கிவிடும். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. ஒரு காரின் பின்பக்கத்தைத் திறந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அந்தக் காரின் கதையை மொன்றியலில் இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். போன கிழமை ஒரு ஞானஸ்நான விருந்துக்காக இங்கே வந்தேன். முன்பின் தெரியாத ஒரு பெண் கையில் மீன் ரோல்ஸோடு என்னிடம் வந்து, "கார் வெடிச்சது உங்கடதோ?" என்று கேட்டாள். கார் வெடிக்கவில்லை. யாரும் ஆஸ்பத்திரிக்குப் போகவுமில்லை. ஆகவே நடந்ததை நானே எழுதிவைக்கிறேன். மன்னிப்புக் கேட்க அல்ல, திருத்த.

நான் இந்த நகரத்தில் இருபத்துநான்கு மாரிகாலம், அதாவது இருபத்துநான்கு பனிக்காலம், இருந்தவள். டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு செய்து அனுப்பும் ஒரு சமையற்கூடத்தில் வேலை. சமைக்கிற வேலையல்ல. கறி, சோறு, சலாட் என்று கண்ட எல்லாவற்றிலும் வெப்பமானியைக் குத்திப் பார்த்து, "இது போகலாம், இது போகாது" என்று தீர்ப்புச் சொல்கிற வேலை. சாப்பாடு ஐந்து பாகைக்குக் கீழே குளிராக இருக்கவேண்டும், அல்லது அறுபதுக்கு மேலே சூடாக இருக்கவேண்டும். இடையில் நின்றால் குப்பை. இந்த விதியை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். (முழித்திருக்கும்போதுதான் மறந்தேன்.)

மாரியோடு எனக்குப் பகை முற்றியது ஒரு பெப்ரவரி விடியலில். சென்ட் லோரன்டில் பஸ் தரிப்பிடத்துக்கு இரண்டடி இருக்கும்போது கால் வழுக்கி மல்லாக்க விழுந்தேன். மணிக்கட்டு முறிந்துவிட்டது. பஸ் சாரதி இறங்கி ஓடிவந்து, "சா வா, மதாம்?" என்று நலம் விசாரித்தார். நான் ஐஸில் படுத்தபடி, முறிந்த கையைத் தூக்கிக்கொண்டு, "சா வா, மெர்சி" என்றேன். இருபத்துநான்கு வருடம் இந்த ஊர் எனக்குக் கற்றுத் தந்தது அவ்வளவுதான்: எலும்பு முறிந்தாலும் நன்றி சொல்வது.

கட்டு அவிழ்ப்பதற்கு முன்பே பாலைவன நாடொன்றில் வேலைக்கு விண்ணப்பம் போட்டேன். அதே வேலை, அதே வெப்பமானி. முதல் மூன்று மாதம் பரீட்சார்த்தம், பிடித்தால் நிரந்தரம். பிடிக்காவிட்டால் வந்த வழியே திரும்பவேண்டும். என் கணவர் சேவியர் எதற்கும் மறுப்புச் சொல்லாத மனிதர், சரி என்றார். மறுத்தது அவருடைய அக்கா, மேற்குப் புறநகர் டொலார்டில் இருக்கும் பிலோமினா மச்சாள்.

"உந்த வெயிலுக்கை உன்னால ஏலாது. ஸ்னோ விழ முதல் திரும்பி வந்திடுவாய்" என்றார் மச்சாள். "உங்கட குளிர் ஜாக்கெட்டுகளை என்ர அலுமாரிக்கை வச்சிருக்கிறன்."

"வேண்டாம் மச்சாள். கோயிலில உடுப்புச் சேர்க்கிற பெட்டிக்கை போட்டிட்டன். சப்பாத்தையும் போட்டிட்டன். நான் இனி இஞ்சத்த மாரியில சீவிக்கத் திரும்பி வந்தா என்ர பேர் றெஜினா இல்லை."

பிரியாவிடை விருந்தில், ஐம்பது அறுபது பேர் முன்னிலையில், கையில் கேக் துண்டோடு இப்படிச் சொன்னேன். ஆகவே அந்த மூன்று மாதத்தில் பணயமாக இருந்தது வேலை மட்டுமல்ல, என் பெயரும்தான்.

பாலைவனம் எனக்குப் பிடித்துப்போனது. இதை மச்சாள் இன்றுவரை நம்புவதில்லை. அடுப்புத் திறந்ததுபோல முகத்தில் அடிக்கும் காற்றில் நின்று, "அடி, இன்னும் அடி" என்று சொன்ன ஒரே ஆள் நானாகத்தான் இருக்கும். கதவைத் திறந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கலாம். விழுந்தாலும் மணலில் விழலாம். ஒரே குறை, வீட்டுக்குள் குளிர். கட்டடம் முழுவதற்கும் ஒரே குளிரூட்டி, அதைக் குறைக்கிற அதிகாரம் எங்களுக்கு இல்லை. வெயில் வராமல் திரைச்சீலையை இழுத்துவிட்டு, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சமைத்தேன். ஜூலை மாதத்தில்!

பரீட்சார்த்தம் முடிய இரண்டு நாள் இருந்த ஒரு வெள்ளிக்கிழமை, மேலாளரையும் அவர் மனைவியையும் இன்னும் நாலு பேரையும் விருந்துக்கு அழைத்தேன். மேலாளர் ரவி சார் சென்னைக்காரர். ஞாயிற்றுக்கிழமை என் கடிதத்தில் கையெழுத்துப் போடவேண்டியவர் அவர்தான். நல்ல சாப்பாடு போட்டால் கை தயங்காது என்று நினைத்தேன். (யாழ்ப்பாணத்துப் பெண்களின் பெரும்பாலான திட்டங்கள் இப்படித்தான் தொடங்கும்.)

காலை பத்து மணிக்கு எல்லாம் தயார். ஆட்டிறைச்சிக் கறி, தேங்காய்ப்பால் விட்ட கணவாய் மீன் கறி, இறால் பிரட்டல், கருப்பட்டியும் முட்டையும் சேர்த்து அவித்த வட்டிலப்பம் இரண்டு தட்டு. வீட்டோடு தந்திருந்த பிரிட்ஜோ ஒரு பால் பெட்டியும் நாலு முட்டையும் வைத்தாலே மூச்சு வாங்குகிற சாதி.

மொன்றியலில் நாங்கள் இதற்கெல்லாம் யோசிப்பதே இல்லை. மாரிகாலத்தில் கொண்டாட்டம் என்றால் சட்டிகள் நேரே பல்கனிக்குப் போகும், இடம் போதாவிட்டால் காரின் டிக்கிக்குப் போகும். சிந்தாமல் மூடியைச் சுற்றி அகல டேப் ஒட்டி வைத்தால் மூன்று நாளைக்கும் அசையாது. கலியாண வீட்டுக் கறிகளையே அப்படி வைத்து எடுத்திருக்கிறோம். அன்றைக்கு ஸ்வெட்டர் போட்டு, திரை மூடி, விறைத்த விரல்களோடு நின்ற என் உடம்பு, வெளியே மாரிகாலம் என்றே முடிவெடுத்துவிட்டது.

"இஞ்சருங்கோ, சட்டியளை டேப் ஒட்டி டிக்கிக்கை வச்சிட்டு வாங்கோ" என்றேன்.

சேவியர் ஒட்டினார். நாலு தரம் லிஃப்டில் இறங்கி ஏறினார். வைத்தார். வியர்வை வழிய வந்து, கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் டிவி பார்த்தார்.

ஆறு மணிக்கு விருந்தினர் வந்தார்கள். நான் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, "இருங்கோ, சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வாறம்" என்று புறப்பட்டேன்.

"எங்கேர்ந்து மேடம்?" என்றார் ரவி சார்.

"கீழ, கார் டிக்கிக்கை."

அவர் என்னையும் சேவியரையும் மாறி மாறிப் பார்த்தார். "நானும் வரேன்" என்று எழுந்தார். லிஃப்டின் கதவு திறந்து வெக்கை முகத்தில் அடித்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஊர், மாதம், டிக்கி மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து உறைத்தன. லிஃப்டுக்குள் திரும்ப ஏறப் பார்த்தேன். ஆனால் மேலாளர் எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தார்.

சேவியர் டிக்கியைத் திறந்தார். கணவாய்ச் சட்டியின் டேப் உருகிக் கழன்று, மூடி ஒரு பக்கம் சாய்ந்து, பால் நுரைத்து வழிந்திருந்தது. வட்டிலப்பம் பழையபடி கருப்பட்டிப் பாகாகி, டிக்கியின் விரிப்பில் ஊறிவிட்டது. மணத்தை நான் விவரிக்கப்போவதில்லை. அங்கே திரிந்த பூனை ஒன்று கணவாய் வாசத்துக்கு ஆசையாக ஓடிவந்து, இரண்டு முறை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தது. என் துறையில் அதைவிடத் தெளிவான அறிக்கையை நான் கண்டதில்லை.

ரவி சார் மெதுவாகக் கேட்டார். "மேடம், உங்க தெர்மாமீட்டர் கையில இருக்கா?"

இருந்தது. கைப்பையில் எப்போதும் இருக்கும். கணவாய்க் கறியில் குத்தினேன். ஐம்பத்தொன்று.

"இன்னும் ஒன்பது பாகை வெயில் அடிச்சிருந்தா இது சட்டப்படி சூடா வச்ச சாப்பாடு, சார்" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. தோற்கும்போது வாய் மட்டும் தோற்க மறுக்கிற பிறவி நான்.

சேவியர் என் காதுக்குள், "இறைச்சியையெண்டாலும் திரும்பக் கொதிக்க வச்சுப் பாப்பமே? ஆக்கள் பசியோட இருக்கினம்" என்றார்.

"கொதிச்சா கிருமிதான் சாகும். அது விட்ட நஞ்சு சாகாது. தொடாதேங்கோ." பிறகு அடக்கமுடியாமல் அவர் மேலேயே பாய்ந்தேன். "நாலு தரம் இறங்கி ஏறினீங்களே, வெக்கை தெரியேல்லையோ?"

"தெரிஞ்சது."

"பேந்து ஏன் சொல்லேல்லை?"

"இருபத்தாறு வருசத்தில நீர் சொன்னதை ஏனெண்டு நான் எப்ப கேட்டனான்?"

சேலையைத் தூக்கிச் செருகினேன். இறைச்சி, இறால், கணவாய் எல்லாவற்றையும் நானே சுமந்து, பெரிய குப்பைத் தொட்டிக்குள் கவிழ்த்தேன். விடிய எழும்பி ஆக்கியதெல்லாம் தொப்பென்று விழுகிற சத்தம் கேட்டு அழுகை வந்தது. அழவில்லை, அழுதால் மச்சாள் ஜெயித்ததாகிவிடும். மேலே போய்ச் சோறு வடித்து, பருப்பும் முட்டைப் பொரியலும் வைத்தேன். ஆறு பேரும் தலை நிமிராமல் சாப்பிட்டார்கள். ரவி சாரின் மனைவி மட்டும், "பருப்பு ரொம்ப நல்லாருக்கு" என்று மூன்று முறை சொன்னார். மூன்று முறை சொன்னால் அது அனுதாபம்.

ஞாயிறு காலை ரவி சாரின் அறைக்குள் போனபோது, அவர் வாய் திறப்பதற்கு முன்பே நான் தொடங்கிவிட்டேன். "சார், இந்த வேலை இல்லையெண்டாச் சொல்லுங்கோ. ஆனா நான் திரும்பிப் போகமாட்டன். கூட்டித் துடைச்செண்டாலும் இஞ்சதான் இருப்பன்."

"மேடம், முதல்ல உட்காருங்க" என்றார். கடிதத்தை என் பக்கம் தள்ளினார். கையெழுத்து போட்டிருந்தது. "தப்பு எல்லாரும்தான் பண்றாங்க. நம்ம கிச்சன்ல பாதிப் பேர் அதைச் சூடு பண்ணிப் பரிமாறியிருப்பாங்க. ஒரே ஒரு கண்டிஷன்."

கைப்பேசியைக் காட்டினார். நான் குப்பைத் தொட்டியோடு போராடிக்கொண்டிருந்த நேரம் அந்த மனிதர் டிக்கியைப் படம் எடுத்திருக்கிறார். புதிதாகச் சேருகிறவர்களின் பயிற்சியில் அந்தப் படத்தைக் காட்டவேண்டும், நானே காட்டவேண்டும். இன்றுவரை காட்டுகிறேன். யாருடைய கார் என்று எப்போதும் ஒருவர் கேட்பார். என்னுடையது என்பேன். அதற்குப் பிறகு யாரும் தூங்குவதில்லை.

மொன்றியலுக்கு இந்தச் செய்தியை அனுப்பியவர் வேறு யார், மறுப்புச் சொல்லாத சேவியர்தான். அவர் அக்காவிடம் சொல்ல, அக்கா கோயிலில் சொல்ல, கணவாய் மூடியைப் பிய்த்துக்கொண்டு வானத்துக்குப் போய்விட்டது.

போன கிழமை விருந்திலும் அதே கதை. வெளியே கழித்தல் இருபத்திரண்டு பாகை. மச்சாள் எல்லோரையும் வயிறு குலுங்கச் சிரிக்கவைத்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "சொல்லடி, இனியெண்டாலும் திரும்பி வாறியோ? இஞ்ச டிக்கிக்கை ஒரு மாசம் வச்சாலும் கணவாய் பழுதாகாது."

"மச்சாள், கணவாய் பழுதாகாத இடத்தில மனிசர் எப்பிடி இருக்கிறது?" என்றேன்.

மண்டபம் அதிர்ந்தது. மச்சாள் மட்டும் சிரிக்கவில்லை. என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத் தேநீர் ஊற்றப் போய்விட்டார்.

இன்று காலை அவர் வீட்டு ஜன்னலடியில் இருந்து இதை எழுதுகிறேன். ராத்திரி கொட்டிய பனி முழங்கால் வரைக்கும். மச்சாள் கார்ப்பாதையில் முக்கால் மணி நேரமாகப் பனி அள்ளுகிறார். பாதி வழி வந்தபோது, தெருப் பனியைத் தள்ளும் வண்டி வந்து, அள்ளிய அவ்வளவையும் திரும்ப அவர் வாசலிலேயே குவித்துவிட்டுப் போனது. மச்சாள் இடுப்பில் கைவைத்து அதைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். பிறகு எனக்குக் கேட்காது என்று நினைத்து, அந்தக் குவியலைப் பார்த்துச் சொன்னார்:

"உண்மைதான். கணவாய்க்கு மட்டும்தான் இந்த ஊர்."