பட்டமளிப்பு விழாவில் ஒரு சூரிய அஸ்தமனம்

ஆன்லைன் வகுப்பில் கேமரா முன்னால் எப்படி உட்கார வேண்டும் என்று எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவள் நான். இதை மறைத்துவிடத்தான் ஆசை. என் கணவர் விடமாட்டார்.

பெங்களூரு ஒக்கலிபுரத்து வீட்டில் உட்கார்ந்தபடியே ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் முதுகலை படித்தேன். கூடப் படித்தவர்கள் கென்யாவிலும் பிரேசிலிலும் இருந்தார்கள். ஒருவரையும் நேரில் பார்த்ததில்லை. பட்டமளிப்பும் ஆன்லைனில்தான். வகுப்பின் சார்பில் நன்றியுரை சொல்ல என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். (வேறு யாரும் கை தூக்கவில்லை என்பது உபரித் தகவல்.)

வேலூரில் இருக்கும் அப்பாவுக்கு இந்தப் படிப்பே பிடிக்கவில்லை. "ரெண்டு புள்ள பெத்தப்புறம் இன்னாம்மா படிப்பு வேண்டிக்கெடக்குது?" என்று ஆரம்பத்தில் கேட்டவர், அதற்கப்புறம் போனில் மழையைப் பற்றி விசாரிப்பார், படிப்பைப் பற்றி மூச்சு விடமாட்டார். எனக்கு அது பொறுக்கவே இல்லை. நான் பட்டம் வாங்குவதை அவர் கண்ணால் பார்த்தே தீர வேண்டும் என்று தம்பியைப் பிடித்து, விழாவை அப்பா வீட்டு டிவியில் போடச் சொன்னேன்.

விழாவுக்கு முந்தின நாள் ஆயுத பூஜை. ஸ்கூட்டர், மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்தேன். பட்டம் வாங்கித் தந்த லேப்டாப்பை விடலாமா? திரைக்கு மேலே, நட்டநடுவில், நெற்றி என்று எனக்குப் பட்ட இடத்தில் பக்தியோடு ஒரு பொட்டு வைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை. விழாவுக்குள் நுழைந்தால் எல்லோர் கட்டத்திலும் முகம் இருக்கிறது; என் கட்டத்தில் மட்டும் செம்மஞ்சளாக ஒரு மூட்டம்.

"நெட்வொர்க்!" என்று தீர்ப்புச் சொன்னேன். "ஏங்க, பசங்க போனைப் புடுங்குங்க! டிவிய ஆஃப் பண்ணுங்க!"

வீடே அடங்கியது, மூட்டம் அசையவில்லை. பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். "ஆன்ட்டி, நெட் பர்தா இல்ல, ஸ்வல்ப நிம்ம வைஃபை கொடி" என்று வீட்டுக்கார அம்மாவிடம், நெட் வரவில்லை, உங்கள் வைஃபையைக் கொஞ்சம் கொடுங்கள் என்று கன்னடத்தில் கெஞ்சி அதையும் வாங்கி வந்தேன். ஊஹூம்.

"உன் குரல் கணீர்னு கேக்குதே" என்றாள் கென்யாத் தோழி. குரல் கணீரென்று போகிறபோது நெட்வொர்க்குக்கு என்ன கேடு என்று யோசிக்க வேண்டாமா? நானோ, பெங்களூரு நெட்வொர்க்கின் லட்சணத்தை உலகத்துக்கே விளக்கிக்கொண்டிருந்தேன்.

என் முறை வந்தது. பேராசிரியர் நெகிழ்ந்துபோய், "உங்கள் ஊர் சூரிய அஸ்தமனம் எவ்வளவு அழகு!" என்றார். தேங்க்யூ என்றேன். (வேறென்ன சொல்வதாம்?) அந்த அஸ்தமனத்துக்குள் இருந்தபடியே நன்றியுரையைப் படித்து முடித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்பா என் முகத்தைப் பார்க்கவே இல்லையே!

கணவர் காபியோடு வந்தார். என்னைப் பார்த்தார், லேப்டாப்பைப் பார்த்தார்.

"ஏம்மா, கேமராவுக்கா பொட்டு வெச்சே?"

விழா முழுக்க அந்தப் பொட்டு என் கண்ணுக்கு நேரேதான் இருந்தது. மங்கலமாக இருக்கிறது என்று இரண்டொரு முறை நினைத்துக்கொண்டதுகூட ஞாபகம் இருக்கிறது. பிள்ளைகள் தரையில் உருண்டு சிரித்தார்கள்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டே அப்பாவுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டேன். "அப்பா, நான் தெரிஞ்சேனாப்பா..."

"பாத்தம்மா! மத்தவங்களுக்கெல்லாம் வெறும் மூஞ்சிதான். உன் ஒருத்திக்குத்தான் லைட்டு போட்டானுங்க! பக்கத்து வூட்டுக்காரனையும் கூப்ட்டு காட்டினேன். நல்லா படிக்கிற புள்ளைக்குத்தான்டா அப்பிடிப் போடுவாங்கன்னு சொன்னேன்."

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். கணவர் வேண்டாமென்று கைகாட்டினார். மூடிக்கொண்டேன். இன்றுவரை குடும்பத்தில் ஒருவரும் அப்பாவிடம் மூச்சு விடவில்லை.

போன மாதம் என் அக்கா மகன், பட்டம் வாங்கிய போட்டோவைத் தாத்தாவிடம் ஆசையாக நீட்டினான். அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"பாஸாயிட்டே, சரி," என்றார். "ஆனா உனக்கு லைட்டு போடலியே?"