கஞ்சி போட்ட வடிதுணி

நிலக்கரிப் பொடியிலிருந்து தண்ணீரை எப்படிப் பிரிப்பது என்று யாரும் என்னிடம் கேட்டுவிடாதீர்கள். எனக்குத் தெரியும். சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவேன்.

கழுவிய நிலக்கரியின் நைசான பொடி, சேறு மாதிரி தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்ளும். அதை ஒரு துணிமேல் ஊற்றி, அடியில் பம்ப் வைத்து உறிஞ்சினால் தண்ணீர் இறங்கிவிடும், கரி மேலே அடையாகத் தங்கும். காரைக்குடியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்கு இதுதான் வேலை. (தற்காலிக வேலை. பெண் பார்க்கப் போகும் இடங்களில் அம்மா அந்த முதல் சொல்லை விழுங்கிவிடுவார்.) சுரங்கத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து பார்த்துத் திருப்திப்பட்டால் திட்டம் இன்னும் இரண்டு வருடம் ஓடும், என் பிழைப்பும் ஓடும். இல்லையென்றால் அந்த மாதத்தோடு சரி.

அவர் வருவதற்கு முதல் நாள் காலை வடிதுணி கிழிந்துவிட்டது. புதுத் துணியோ கூரியரில் எங்கேயோ மாட்டிக்கொண்டது. தேவகோட்டையில் இருக்கும் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

“அம்மா, பழைய பருத்தி வேட்டி ஒண்ணு பஸ்ஸுல குடுத்து விடும்மா. கரி வடிகட்டணும்.”

“பெரிய ஆபீசரு வாராருங்கிற, பழசைக் கேக்குற! அப்பா வேட்டி நல்லதாவே இருக்கு. காலைல அனுப்புறேன்.”

மறுநாள் கண்டக்டர் கொடுத்த பொட்டலத்தைப் பிரித்தேன். வேட்டி அப்பளம் மாதிரி விறைப்பாக இருந்தது. என்ன தரமான துணி என்று பூரித்துப்போய், அப்படியே வட்டமாக வெட்டி மாட்டினேன். (பொறியியல் படித்தவன். முதல் வகுப்பு வேறு.)

அதிகாரியும் ஆய்வுக்கூடத்தை நடத்தும் எங்கள் மேடமும் பக்கத்தில் வந்து நின்றார்கள். கரிச்சேற்றை ஊற்றிப் பம்பைப் போட்டேன். ஐந்து நிமிடம் ஆயிற்று. கீழே இருந்த பாட்டிலில் ஒரு சொட்டு விழவில்லை.

“தம்பி, தண்ணி எப்ப வரும்?” என்றார் அதிகாரி.

“இந்தா வந்துரும் சார்.”

பம்பை முழு வேகத்துக்குத் திருகினேன். துணி நடுவில் பிளந்தது. மொத்தக் கரிச்சேறும் பாட்டிலை நிரப்பி, குழாய் வழியே பம்புக்குள் போய், பம்பின் மறுவாய் வழியாக அதிகாரியின் சந்தன நிறச் சட்டையில் இறங்கியது.

மேடம் கிழிந்த துணியை விரலால் தேய்த்தார், முகர்ந்தார்.

“இதென்ன கஞ்சி வாடை? அலசாமயா மாட்டினீங்க?”

கஞ்சி ஊறிப் பசையாகிக் கரியோடு சேர்ந்து துணியின் அத்தனை துளையையும் அடைத்திருந்தது. திட்டம் வேறு ஊருக்குப் போனது. மாதக் கடைசியில் நான் வீட்டுக்குப் போனேன்.

வாசலிலேயே அம்மா கேட்டார்: “வேட்டி விறைப்பா இருந்துச்சாடா? சோத்துக் கஞ்சியில ரெண்டு தடவ முக்கிக் காயவச்சேன்.”

“இருந்துச்சும்மா. ஒரு சொட்டுத் தண்ணி இறங்கல.”

“பின்ன? யாரு போட்ட கஞ்சி!” என்று சிரித்தார். நான் கொல்லைப்புறம் போய் அழுதேன்.

பிறகு தங்கை உண்மையை உடைத்துவிட்டாள். அன்றிலிருந்து அம்மா என் வேட்டிக்குக் கஞ்சி போடுவதில்லை. கல்யாண வீடுகளில் நான் தொளதொளவென்று நிற்பதைப் பார்த்து யாராவது கேட்டால், “அவனுக்குக் கஞ்சி ஆகாது” என்று மட்டும் சொல்வார். அது எப்படியோ ஊரெல்லாம் பரவி வியாதியாகிவிட்டது.

போன ஆடியில் கோயிலில் கஞ்சி ஊற்றினார்கள். வெயிலில் ஒரு மணி நேரம் வரிசையில் நின்று செம்பை நீட்டினேன். ஊற்றியவர் அகப்பையைப் பதறி இழுத்துக்கொண்டார்.

“நீக வாங்கிறாதீக அண்ணே, உங்களுக்குத்தான் ஆகாதுல்ல!”

அன்றும் ஒரு சொட்டு இறங்கவில்லை.