வெந்நீர்த் தொட்டியும் என் பதினொரு விதிகளும்

யோகொத்தே
பிப்ரவரி 19

செந்தாய் நகரில் பாய்க் கடை நடத்திவரும் என் மைத்துனர் மொரிஹிகோ அவர்களுக்கு,

கூரையில் ஏறிய பனி இறங்க மனமில்லாமல் உட்கார்ந்திருக்கும் இந்நாளில், தாங்களும் தங்கள் இல்லத்தாரும் இருமலின்றி, இடுப்பு வலியின்றி நலமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். புத்தாண்டுக்குத் தாங்கள் அனுப்பிய, தங்கள் ஊர்ச் சிறப்பான மாட்டு நாக்கு இறைச்சி வந்து சேர்ந்தது. மிகவும் மென்மை. நன்றி சொல்ல இத்தனை நாள் ஆனதற்கு மன்னிக்கவும். நிற்க.

தங்கள் அக்கா ஃபுமியே மூன்று நாளாகத் தங்கள் வீட்டில் இருக்கிறாள். அவள் தங்களிடம் என்ன சொல்லியிருப்பாள், எப்படிச் சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியாது. போனில் பேசலாமென்றால் தாங்கள் சிரிப்பீர்கள். நாற்பத்தோரு வருடம் ரயில்வேயில் இருந்து, அதில் பன்னிரண்டு வருடம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவன் சிரிப்புக்கு இடம் கொடுக்கக் கூடாது. ஆகவே என் தரப்பை எழுத்தில் வைக்கிறேன்.

தொட்டி வேண்டுமென்று கேட்டது அவள்தான். பள்ளிச் சமையலறையில் முப்பது வருடம் நின்றே வேலை பார்த்த முழங்கால். 'வெந்நீர்ல உக்காந்துக்கிட்டு பனி விழறதப் பாக்கணுங்க, அவ்வளவுதான்' என்றாள். இலையுதிர் காலத்திலேயே வாங்கினோம். ஆறு பேர் உட்காரலாம், குமிழி வரும், கனமான மடக்கு மூடி உண்டு. 'கூரை விளிம்புக்குக் கீழ வைக்காதீங்க' என்றாள். கூரை இருந்தால் தலை நனையாது என்று நான் அங்கேயே வைத்தேன். இது என் முதல் தவறு. இதை எழுத எனக்கு அரை மணி நேரம் ஆனது.

ஆனால் பாதுகாப்பில் நான் குறை வைக்கவில்லை, மொரிஹிகோ. கூடவே வந்த புத்தகத்தை மூன்று முறை படித்து, பதினொரு விதிகளைப் பலகையில் எழுதி சுவரில் அடித்தேன். தனியாக இறங்கக் கூடாது. நாற்பது டிகிரிக்கு மேல் போகக் கூடாது, நமக்கு முப்பத்தெட்டு. குடித்துவிட்டு இறங்கக் கூடாது. பதினைந்து நிமிடம்தான். முடியைக் கட்டிக்கொள்ள வேண்டும், மின்சாரச் சாமான் எதுவும் பக்கத்தில் கூடாது, எழுந்தால் மெதுவாக எழ வேண்டும், இப்படி. ஃபுமியே தண்ணீரில் இருக்கும்போது நான் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்று, பிளாட்பாரத்தில் செய்ததுபோலவே ஒவ்வொன்றையும் விரலால் சுட்டி உரக்கச் சொல்வேன். 'வெப்பம் முப்பத்தெட்டு, சரி! மூடிப் பூட்டு, சரி! பயணி முகம் சிவப்பில்லை, சரி!' பதினைந்தாவது நிமிடம் விசில். பக்கத்து வீட்டு கூடோ அம்மா ஜன்னலைத் திறந்து, 'மாஸ்டர் ஐயா, அடுத்த வண்டி எத்தனை மணிக்கு?' என்று கேட்பாள். தங்கள் அக்கா தண்ணீருக்குள் தலையை விட்டுக்கொள்வாள். தலையை முக்கக் கூடாது என்பது ஒன்பதாவது விதி. அதற்கும் ஒரு விசில். குளோரின் அளவில் மட்டும் ஒருமுறை சிறிய பிசகு நடந்தது. கரண்டி என்று போட்டிருந்ததை நான் குழம்புக் கரண்டி என்று எடுத்துக்கொண்டேன், அவளுடைய நீலத் துண்டு வெள்ளைத் துண்டாகிவிட்டது. அதை அவள் பெரிதுபடுத்தவில்லை. 'உங்க விசில் இல்லாம ஒரு நாள், ஒரே ஒரு நாள் உக்காரணும்' என்று மட்டும் சொன்னாள்.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஃபுமியே பாட்டுக் குழுப் பயிற்சிக்குப் போயிருந்தாள். நான் காலையிலிருந்து வாசல் பனியை வாரி, கூடோ வீட்டு வாசலையும் சேர்த்து வாரினேன். நன்றிக்காக அந்த வீட்டுக்காரர் கூடோ சூடான அரிசி மது, சாக்கே, ஊற்றினார். ஒரு கிண்ணம். பிறகு இன்னொன்று, ஏனென்றால் முதல் கிண்ணம் தனியாகப் போயிருந்தது. வீட்டுக்கு வந்தால் இடுப்பு நிமிரவில்லை. இடுப்பு விஷயத்தில் முப்பத்தெட்டு எதற்கு உதவும் என்று நாற்பத்திரண்டாக்கினேன். முறைப்படி உடம்பைத் தேய்த்துக் கழுவிவிட்டு, மூடியைப் பாதி மட்டும் மடக்கி, உள்ளே இறங்கினேன். விசில் கழுத்தில் இருந்தது. ஆகா, மொரிஹிகோ! அந்த முதல் பத்து நிமிடத்தைப் பற்றி நான் எந்த விதியும் எழுதியிருக்க முடியாது. உடம்பு கரைந்து, பணி ஓய்வுக்குப் பிறகு முதல்முறையாக மணி பார்க்கத் தோன்றவில்லை. எவ்வளவு நேரம் போனதென்று இன்றைக்கும் தெரியாது. எழுந்திருக்கலாம் என்று எழுந்தேன், கண் இருட்டிக்கொண்டு வந்தது, தொப்பென்று உட்கார்ந்தேன். அந்தச் சமயம் பார்த்து, அத்தனை நாள் அசையாமலிருந்த கூரைப் பனி மொத்தமும் சரிந்து மூடி மேல் விழுந்தது. மூடி விரிந்து என் தோளோடு அழுத்திக்கொண்டது. தலை மட்டும் வெளியே. ஊறுகாய் ஜாடியில் முள்ளங்கி முளைத்த மாதிரி.

கழுத்து விசிலைப் பல்லால் கவ்வி ஊதினேன். கூடோ அம்மா ஜன்னலைத் திறந்தாள். 'கேக்குது, கேக்குது! பதினஞ்சு நிமிஷம் ஆச்சு, தெரியுது!' என்று சொல்லி மூடிவிட்டாள். மறுபடி ஊதினேன். மறுபடி திறந்தாள். 'ஐயோ, இன்னிக்கு எத்தன வண்டி ஐயா உங்களுக்கு?' அப்புறம்தான் பனிக்கு நடுவே என் தலையைப் பார்த்தாள்.

ஊர்த் தீயணைப்புத் தொண்டர்கள் ஆறு பேர் வந்தார்கள். பிளாட்பாரத்தில் ஓடாதே என்று சின்ன வயதில் நான் காதைத் திருகாத ஆள் அந்த ஆறு பேரில் இல்லை. தலைவன் கமாதா என்னைத் தூக்கி, நீலத் தார்ப்பாயில் சுற்றி, வாசலில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, 'மாஸ்டர், அந்தப் பனி உள்ள சரிஞ்சு தண்ணியக் குளிர வச்சிருக்கு. இல்லேன்னா நீங்க மயங்கி உள்ள போயிருப்பீங்க' என்றான். சிரிக்காமல் சொன்னான்.

அப்போதுதான் ஃபுமியே பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். தீயணைப்பு வண்டியைப் பார்த்தாள், ஆறு பேரைப் பார்த்தாள், தார்ப்பாயைப் பார்த்தாள். நேராகப் பலகைக்கு முன்னால் போய் நின்று, சத்தமாக வாசிக்க ஆரம்பித்தாள்.

'விதி ஒண்ணு, தனியா இறங்கக் கூடாது. யாரு இருந்தா கூட?'

'யாருமில்ல.'

'விதி ரெண்டு. எத்தன டிகிரி?'

'நாப்பது... நாப்பத்திரண்டு.'

'விதி மூணு. குடிச்சீங்களா?'

'கூடோ கட்டாயப்படுத்தினாரு.'

'நான் எங்கய்யா கட்டாயப்படுத்தினேன்!' என்றார் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூடோ.

பதினொன்றையும் வாசித்தாள். ஆறு பேரும் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, துக்க வீட்டில் நிற்பதுபோல நின்றார்கள். முடி கட்டும் விதி ஒன்றில்தான் நான் கேள்விக்கு இடமின்றித் தேறினேன், அதுவும் முடி இல்லாத காரணத்தால்.

பிறகு அவள் அந்த ஆறு பேருக்கும் தேநீர் கொடுத்து அனுப்பினாள். சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து என் மணிக்கட்டைப் பிடித்து நாடி எண்ணினாள். எண்ணிக்கை தப்பித் தப்பி, திரும்பத் திரும்ப எண்ணினாள். 'நீங்க போயிருந்தா, அந்தப் பலகையக் கட்டிக்கிட்டு நான் என்ன பண்றது?' என்றாள். மறுநாள் காலை பையை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்கு என்று கிளம்பிவிட்டாள்.

மொரிஹிகோ, நான் யாருக்காக அந்த விதிகளை எழுதினேன் என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். விழக்கூடியவர்கள் எல்லாம் மற்றவர்கள் என்றே வாழ்க்கை முழுக்க நினைத்திருக்கிறேன். தொட்டியை முதியோர் மையத்துக்குக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டேன், வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கொள்வார்கள். இதைத் தாங்கள் அவளிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லி, அவளைத் திருப்பி அனுப்பி வைக்க வேண்டும். சோறு வடிக்கத் தெரியும் எனக்கு. ஆனால் இரண்டு பேருக்குத்தான் அளவு தெரியும், தினமும் மிஞ்சுகிறது.

தங்கள் கடையும் குடும்பமும் குளிரிலும் வெயிலிலும் குறையின்றித் தழைக்கட்டும்.

தலைகுனிந்து,
தங்கள் அத்தான்
கொன்னோ எய்கிச்சி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனபோது ஃபுமியே வந்துவிட்டாள். வந்ததும் கடிதத்தை வாங்கிப் படித்தாள். அவள் தங்களிடம் தொட்டியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லையாம். முழங்கால் டாக்டரைப் பார்க்க வந்ததாகத்தான் சொன்னாளாம். ஆகையால் மேலே உள்ளதைத் தாங்கள் படிக்காததாக வைத்துக்கொள்ளவும். முதியோர் மையத்துக்கு அவளே போன் செய்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கமாதாவின் ஆட்கள் வந்து தொட்டியை வெட்டவெளிக்கு நகர்த்திவிட்டார்கள். கிழித்துப் போடுகிறேன் என்று கடிதத்தைக் கேட்டேன். 'அனுப்புங்க. அவனும் போன மாசம் இதே தொட்டி வாங்கி வச்சிருக்கான், ராத்திரி பீரும் கையுமா இறங்கறான்' என்கிறாள். தங்கள் மனைவியிடம் இதைக் காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ள நினைத்தேன். ஆனால் தபால் வந்தால் நீயே முதலில் பிரித்துப் படி என்று ஃபுமியே இப்போதுதான் அவளுக்குப் போன் செய்து முடித்தாள்.