எக்கோவின் ஊமை வண்டி

மடுல்சீமை மலையில் இடி இடித்தாலும் யாரும் வானத்தை நிமிர்ந்து பார்க்காத ஒரு காலம் இருந்தது. எக்கோவின் வண்டி வருகிறது என்று நினைத்துக்கொள்வோம்.

எக்கோ எங்கள் தேயிலைத் தோட்டத்தில், பின்பக்கம் திறந்த கெப் வண்டி ஓட்டுபவன். மலையில் எதிரொலிக்கும் சத்தத்தால் வந்த பட்டப்பெயர் அது. அவனுடைய சொந்தப் பெயர் பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் இருந்தது, எனக்கே மறந்துவிட்டது. நான் படிப்பித்த வகுப்பில் ஐந்து வருடம் உட்கார்ந்திருந்தான். வாசிப்பு வரவில்லை. அவன் மண்டையில் ஏறாது என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

வண்டிக்கு அவனைவிட வயது அதிகம். காலையில் ஆட்களையும் மரக்கறியையும் ஏற்றிக்கொண்டு பதுளைக்கு இறங்குவான். பின்னேரம் ஏறி வருவான். டயர்கள் வழுக்கையாக இருக்கும். ஆனால் கையில் காசு கிடைத்தால் ஸ்பீக்கர்தான் வாங்குவான். முதலில் கதவுக்கு ஒன்று. பிறகு கூரைமேல் இரண்டு. பிறகு பதுளையில் யாரோ கழித்துப்போட்ட பெரிய பேஸ் பெட்டியைக் கொண்டுவந்து தன் ஆசனத்துக்குப் பின்னால் திணித்தான். ஆசனம் முன்னுக்குத் தள்ளிப்போனது. அன்றிலிருந்து முழங்கால்களைக் காதுவரை மடக்கிக்கொண்டு ஓட்டினான். மின்சாரம் போதவில்லை என்று லொறி பேட்டரி ஒன்றும் வந்தது. முன்னால் உட்காருபவர் அதன்மேல்தான் கால் நீட்ட வேண்டும். பாட்டு உச்சத்துக்குப் போனால் முன்விளக்கு மங்கும், ஹோன் வேலை செய்யாது. மழை பெய்தால் தறப்பாள் கூரைமேல் இருக்கும் ஸ்பீக்கரை மூடப் போகும். பின்னால் ஆட்கள் நனைவார்கள்.

கேட்டால், “மனுசன் காஞ்சிருவான். ஸ்பீக்கர் காயுமா?” என்பான்.

ஆனால் அந்தச் சத்தத்துக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. இறங்கும்போது சாமிப் பாட்டு, ஏறும்போது சினிமாப் பாட்டு. இரண்டு வளைவுக்கு அப்பால் பாட்டுக் கேட்டால், லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் பிள்ளைக்குத் தலைவாரி முடித்துவிட்டுப் பாதைக்கு வரலாம். பனியில் காத்து நிற்க வேண்டியதில்லை. அவன் அந்தப் பாட்டு செட்டை அணைப்பது ஒரே ஒரு காரியத்துக்கு: பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து பிரேதம் கொண்டுவரும்போது. வண்டி ஊமையாக ஏறினால், எந்த வீடு என்று தெரியும் முன்னரே லயங்கள் அழத் தொடங்கிவிடும்.

ஓய்வு பெற்ற பிறகு நான் பகலில் தூங்கப் பழகியிருந்தேன். ஒருநாள் பொறுக்க முடியாமல், கையெழுத்தில்லாத மொட்டைப் பெட்டிசம் ஒன்றைப் பொலிசுக்கு எழுதினேன். பொதுநலம், மாணவர் கல்வி, நோயாளர் நிம்மதி என்று எல்லாவற்றையும் இழுத்தேன். என் தூக்கத்தைப் பற்றி மட்டும் எழுதவில்லை. செட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டார்கள்.

அன்று மாலையே எக்கோ என் வாசலில் நின்றான்.

“சேர், எவனோ மொட்டைப் பெட்டிசம் போட்டிருக்கான்.”

“யாராம்?”

“தெரியல சேர். ஆனா நல்லாப் படிச்சவன். பொலிஸ்ல வாசிச்சுக் காட்டினாங்க. ஒரு எடத்துல தடுக்கல, தண்ணி மாதிரி போகுது. அதே மாதிரி எனக்கு ஒண்ணு எழுதித் தாங்க சேர், செட்டு திரும்பி வந்துரும்.”

அதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

எழுதிக் கொடுத்தேன். நான்கு வரி, உப்புச்சப்பில்லாத நான்கு வரி. பெண்கள் பனியில் நிற்பதை எழுதவில்லை. அந்தத் தாளை அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனான்.

பதில் வரும்வரை வண்டியை எடுப்பதில்லை என்று சாதித்தான். பிணத்துக்குத்தான் ஊமை வண்டி, உயிருள்ள ஆளை அதில் ஏற்றமாட்டேன் என்றான். ஒரு கிழமை வண்டி கோயிலடியில் நின்றது.

அந்தக் கிழமை என் மனைவி வயிற்றில் சத்திரசிகிச்சை செய்து பதுளை ஆஸ்பத்திரியில் இருந்தாள். டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பும் நாளில் எங்கள் ஒரே பஸ்ஸும் பழுதாகிவிட்டது. எனக்கோ மூட்டுவலி. விஷயத்தைக் கேட்டதும், “அம்மாவுக்குன்னா போறேன் சேர்” என்று எக்கோ தன் விரதத்தை முறித்துக்கொண்டு கிளம்பினான்.

மூன்று மணிபோல் மூடுபனிக்குள்ளிருந்து வண்டி வந்தது. சத்தமே இல்லை. முதல் லயத்தில் ஒரு பெண் குரலெடுத்தாள். அடுத்த லயம் சேர்ந்துகொண்டது. செட்டைக் கழற்ற வைத்தவனே நான். ஆனாலும் அந்த நேரத்தில் அது எனக்கு நினைவு வரவில்லை. உடுத்திருந்த சாரம் தடுக்கிப் பாதையோரக் கல்லில் உட்கார்ந்து, நாற்பது வருடம் அவளிடம் சொல்லாததையெல்லாம் சொல்லி வாய்விட்டு அழுதேன். பாதித் தோட்டத்துக்குக் கேட்டிருக்கும்.

வண்டி நின்றது. லொறி பேட்டரிமேல் நீட்டியிருந்த காலை மெல்ல எடுத்துவைத்து, மருந்துப் பையோடு என் மனைவி இறங்கினாள்.

“யாருங்க செத்தது?” என்று கேட்டாள்.

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். எக்கோ மட்டும் சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கைத் தடவியபடி, “செட்டு இருந்தா நல்ல பாட்டாப் போட்டுக் கூட்டியாந்திருப்பேன் சேர். உங்கள அழ விட்டிருக்க மாட்டேன்” என்றான்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

கடிதத்துக்குப் பதில் வரவில்லை. அப்படி எழுதினால் எப்படி வரும்? உண்மையாக இன்னொன்று எழுதலாம் என்று நான் நாள் கடத்திக்கொண்டிருந்தபோது, அவன் வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுக் கொழும்புக்குப் போய்விட்டான். அங்கே ஏதோ கடையில் மூட்டை இறக்குகிறானாம். இங்கே பெண்கள் பனியில் நிற்கிறார்கள். என் பகல் தூக்கத்துக்கு எந்த இடைஞ்சலும் இல்லை, தூக்கம்தான் வருவதில்லை.

அந்தப் பெட்டிசத்தை எழுதியவன் நான்தான், எக்கோ. இதை நீ வாசிக்கப்போவதில்லை என்று தெரியும். உனக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்காதவனும் நான்தான்.

ஆகவே கொழும்பில் இந்தப் பத்திரிகையை வாங்குபவர்களிடம் ஒரு வேண்டுகோள். முழங்கால்களைக் காதுவரை மடக்கி உட்காரும் ஒருவனைக் கண்டால், இதை அவனுக்கு வாசித்துக் காட்டுங்கள். எங்கும் தடுக்காதபடிதான் எழுதியிருக்கிறேன். கொஞ்சம் சத்தமாக வாசியுங்கள். அவனுக்கு அப்படித்தான் பிடிக்கும்.