தேதி முடிந்த கடுகு

அகிலம் போற்றும் என் அக்கா மகளுக்கு, உன் வாடகை வீட்டின் தற்காலிகக் காவலனும் உனக்கு வாய்த்த ஒரே தாய்மாமனும் ஆகிய நான் ஞாயிறு காலை எழுதிக்கொள்வது. நான் நலம், முதுகு மட்டும் நலமில்லை. வெளியூர் வேலையில் நீ நிம்மதியாக இருக்கும்போதே இதைப் படித்துவிடு.

இன்று வீட்டு ஓனர் வருவார், கொல்லைப்புறம் சுத்தமாக இருந்தால்தான் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுவார், "மாமா, ஒரு புல்கூட இருக்கக் கூடாது" என்று போனில் பத்துத் தடவை சொன்னாயே, புல் ஒன்றுகூட இல்லை. சத்தியம். கடுகு விட்டால்தானே புல் முளைக்கும்?

நீ கிளம்பிய வாரம் உன் சமையலறையைச் சீர்திருத்தப் புறப்பட்டேன். கடுகு டப்பாவில் ஒட்டியிருந்த தேதி முடிந்து இரண்டு வருஷம். செத்த சரக்கு, குருவியாவது தின்னட்டும் என்று கொல்லையில் வீசினேன். தேதி முடிந்த சேதியைக் கடுகுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. நாலாம் நாள் முளைச்சுது. மூணாம் மாசம் என் தலைக்கு மேல ரெண்டு முழம் போயிடுச்சு! ஜல்லி இடுக்கு, சிமென்ட் விரிசல், மழைத்தண்ணிக் குழாய், கதவோரம் நான் கழட்டிப் போட்ட இடது ஷூ, எங்கெல்லாம் ஒரு சிட்டிகை மண் இருந்துச்சோ அங்கெல்லாம் மஞ்சப் பூவோட நின்னு வணக்கம் சொல்லுது. துணி காயப்போடப் போனவன் வழி தெரியாம அரை நாள் அலைஞ்சேன். விமானமெல்லாம் சுத்திக்கிட்டுப் போனதா கேள்வி.

பக்கத்து வீட்டுப் பல் டாக்டரம்மா மதிலுக்கு மேல தலையை நீட்டி, "என்ன சார், உங்க காடு எங்க பக்கம் எட்டிப் பாக்குது?"ன்னாங்க. "எட்டிப் பாக்கலை டாக்டர், குடிவர இடம் பாக்குது"ன்னேன். சிரிக்கலை. "ஓனர் வரட்டும், அந்தப் பொண்ணு சாமானெல்லாம் தெருவுக்கு வரும்"னுட்டு உள்ள போயிட்டாங்க.

நேத்து மத்தியானம் ஹெல்மெட் மாட்டிக்கிட்டு போருக்குப் புறப்பட்டேன். மேல பூ, கீழ காஞ்ச காய். ஒரு செடியைப் பிடுங்கினா பட்டுப்பட்டுன்னு வெடிச்சு நாலு பக்கமும் சிதறுது! என் காதுக்குள்ள, சட்டைப் பையில, மதிலைத் தாண்டி டாக்டரம்மா ரோஜாத் தொட்டியில... விடுவேனா? பொழுது சாயறதுக்குள்ள கடைசிச் செடி வரைக்கும் காலி. கொல்லை இப்போ என் தலை மாதிரி வழுவழுன்னு இருக்கு. உன் வீடு பிழைச்சுது. இப்படி ஒரு மாமன் யாருக்கு வாய்ப்பான்?

வேளாவேளைக்குச் சாப்பிடு. எட்டுத் திக்கும் உன் பெயர் முழங்கட்டும்.

இப்படிக்கு,
கடுகை வென்ற மாமா

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ஓனர் வந்துவிட்டார். கொல்லையைப் பார்த்ததும் மனிதர் முகம் தொங்கிப்போய்விட்டது. "போன வாரம் இந்தப் பக்கமா போறப்போ பாத்தேனே, அந்த மஞ்சப் பூவெல்லாம் எங்க சார்? அதைப் பாத்துட்டுதான் இன்னிக்குப் பேனாவோட வந்தேன். சுத்தமா வெச்சுக்கச் சொன்னா மொட்டையா அடிப்பீங்க? மறுபடி பூக்கட்டும், போடறேன்" என்று பேனாவை மூடிக்கொண்டு போய்விட்டார். நீ கலங்காதே. நேற்று நான் நடத்தியது போரில்லை, விதைப்பு. வானமும் இருட்டிக்கொண்டு வருகிறது. மூன்றே மாசம், கையெழுத்து உறுதி. டாக்டரம்மாவிடம் மட்டும் இப்போதைக்கு எதுவும் சொல்லிவிடாதே.